பூச்சுக்கு அடியில் என்ன இரும்பு?

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே யாராவது ஒருவர் ஒரு கத்தியைக் கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைப்பார். செய்தித்தாளில் சுற்றியிருக்கும், அல்லது பழைய துண்டில். பிரித்துக் காட்டிவிட்டு, "இதுக்குக் கோட்டிங் போட்டா நல்லதா?" என்று கேட்பார். சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர் கேட்பார், மீன் கடைக்காரர் கேட்பார், வீட்டுச் சுவரில் வாள் மாட்டி வைத்திருப்பவரும் கேட்பார். நமக்குச் சோறு போடுவது பூச்சு வேலை. அதனால் "நல்லதுதான்" என்று சொல்லிவிட வாய் முந்திக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷம் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவெறும்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருவேன். பெரிய தொழிற்சாலைகளின் டிரில், கட்டர் போன்றவற்றுக்குக் கடினப் பூச்சு போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பூச்சின் கனத்தை எப்படி அளப்பது, ஒட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது, நிறம் மங்கினால் என்ன காரணம் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு பக்ரீத் வாரத்தில் நடந்தது.

நிஜாமுதீன் என்று ஒருவர். குவைத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்த வேலை போனதும் ஊருக்குத் திரும்பி, காந்தி மார்க்கெட் பக்கம் அவருடைய அத்தா, அதாவது அப்பா, நடத்திவந்த ஆட்டுக்கறிக் கடையை மறுபடி திறந்தார். அத்தா இறந்தபிறகு சாத்திக் கிடந்த கடை அது. சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், முன்னால் கண்ணாடித் தடுப்பு, வெட்டுகிறவர் கையில் உறை என்று குவைத் கடையை அப்படியே கொண்டுவந்து இறக்கியிருந்தார். "சொந்தக்காரங்க வந்து பார்த்துட்டு, ஆஸ்பத்திரியா கறிக்கடையான்னு கேக்குறாங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண் சிரிக்கவில்லை.

முதல் தடவை அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கத்தி. பட்டறைகளில் இரும்பு அறுக்கிற மெஷின் ரம்பத்தின் தேய்ந்த தகட்டில் செய்தது. குவைத்தில் பொன்னிறப் பூச்சு போட்ட கத்திகளைப் பார்த்திருக்கிறார், அதைப்போல வேண்டும் என்றார். எங்கள் முதலாளி டிரில்களோடு சேர்த்து அதையும் வெற்றிட அறைக்குள் வைத்து எடுத்தார். நகைக்கடையிலிருந்து வந்தது போலிருந்தது கத்தி. சில வாரம் கழித்து நிஜாமுதீன் மறுபடி வந்தபோது தரையில் கால் பாவவில்லை.

"கொழுப்பு ஒட்ட மாட்டேங்குது மேடம். கழுவி வச்சா துருவே இல்லை. தீட்டுற இடத்துல மட்டும் தங்கம் போயிடுது. போனா போகட்டும், மத்த இடம் நிக்குதுல்ல?"

அவர் சொன்னது சரியான கணக்கு. கத்தியைத் தீட்டினால் கூரின் மேலுள்ள பூச்சு போகத்தான் செய்யும். துருப்பிடிக்காமல் இருக்க, ஒட்டாமல் இருக்க, பார்க்க அழகாக இருக்க மற்ற இடத்துப் பூச்சு உதவும். கூரைக் காப்பது இரும்பின் பதம், அதாவது சூடேற்றித் தோய்த்து ஏற்றிய கடினம். அந்த ரம்பத் தகட்டுக் கத்தியில் பதம் பிரமாதமாக இருந்தது.

பக்ரீத் நெருங்கியபோது ஒரு கோணிப்பை நிறையக் கத்திகளோடு வந்தார். அவர் மஹல்லாவில், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த தெருக்களில், சொந்தக்காரர்கள் பல வீடுகளில் பெருநாளன்று ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு கத்தி தன் அன்பளிப்பாகப் போக வேண்டும் என்று கொல்லரிடம் சொல்லி அடிக்க வைத்திருந்தார். ஆஸ்பத்திரி என்று சிரித்தவர்களின் கையில் தங்கக் கத்தி. அந்த ஆசை எனக்குப் புரிந்தது. முதலாளிக்கும் புரிந்தது. "எல்லாம் அதே மாதிரிதான்" என்றார் நிஜாமுதீன். நீளமும் வளைவும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தன. பூச்சு சீராக விழுந்தது, ஒட்டிப் பிடித்தது, எல்லாப் பரிசோதனையிலும் தேறியது. அவர் எடுத்துக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

பெருநாளுக்குச் சில நாள் முன்னால் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். புர்காவின் முகத்திரையைத் தூக்கி விட்டுக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு வாசலில் நின்றார்.

"கத்தியெல்லாம் செக் பண்றது நீங்கதானே மேடம்? நான் மெஹர். நிஜாமுதீன் வீட்டுல."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்தார். பிறகு கைப்பையிலிருந்து பொன்னிறக் கத்தி ஒன்றை எடுத்து வைத்தார்.

"அவுங்களுக்குத் தெரியாம வந்திருக்கேன். நான் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்யிறவ. எனக்கும் ஒரு கத்தி கொடுத்தாங்க. கோழி வெட்டிக்கிட்டு இருக்கும்போதே மழுங்கிப் போகுது. தீட்டினா கூர் வருது, மறுபடி உடனே போயிடுது. அவுங்ககிட்ட சொன்னேன். உனக்குத் தீட்டத் தெரியலைன்னுட்டாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் மேடம் வீட்டுல கத்தி தீட்டுறேன்."

ஒரு அரத்தை எடுத்துக் கத்தியின் முதுகில் வைத்து இழுத்தேன். இந்தச் சோதனையை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், செலவே இல்லாதது. பதமான இரும்பில் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், கண்ணாடியில் உரசுவது போலச் சத்தம் வரும். முதல் இழுப்பில் பூச்சு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைத் தாண்டியதும் அரம் கடித்தது. மேஜைமேல் இரும்புத் தூள் கொட்டியது. மெஹர் அந்தத் தூளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.  அவருக்குப் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். பொன்னிறப் பூச்சு விழுவதற்கு எங்கள் வெற்றிட அறையில் நல்ல சூடு ஏற்ற வேண்டும். ரம்பத் தகடு அந்தச் சூட்டைத் தாங்குகிற ஜாதி. முதல் கத்தி அதனால் பிழைத்தது. கோணிப்பையில் வந்தவை லாரிக்கு அடியில் இருக்கும் வில் பட்டைத் தகட்டில் அடித்தவை. அதுவும் நல்ல இரும்புதான். ஆனால் கொல்லர் கொடுத்த பதத்தை எங்கள் சூடு கழற்றிவிட்டது. வெளியே தங்கமாக ஜொலிக்க ஜொலிக்க, உள்ளே ஒவ்வொரு கத்தியும் தளர்ந்து போயிருந்தது. என்ன இரும்பு என்று யாரும் கேட்கவில்லை. அதே மாதிரிதான் என்று அவர் சொன்னார், அதே மாதிரிதான் இருந்தது.

முதலாளியின் அறைக்குப் போனேன். கடன் வாங்கி அந்த இயந்திரத்தைப் போட்டவர் அவர். வேலைக்காரர்களிடம் கத்த மாட்டார், கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அன்றைக்கும் அதைத்தான் செய்தார்.

"நம்மகிட்ட கேட்டது கோட்டிங். கோட்டிங் உரியலையே" என்றார்.

"உரியலை சார்."

"கறிக்கடைக்காரங்க எப்படியும் அடிக்கடி தீட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. கொஞ்சம் கூடுதலாத் தீட்டிக்குவாங்க."

"கறி வெட்டுறதுக்குன்னா அப்படிச் சொல்லலாம் சார். இது குர்பானிக்கு. ஆடு உயிரோட இருக்கும். ஒரே இழுப்புல முடியணும். பாதியில கூர் மடங்கினா அந்த ஆடு என்ன பாடுபடும்? நிறுத்திட்டுத் தீட்டிட்டு வரவா முடியும்?"

பேனா மூடி நின்றது.  பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க. நான் போனா அவர் சண்டை போடுவார், நானும் போடுவேன். சண்டை முடியறதுக்குள்ள பெருநாள் வந்துடும். போனதும் முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடுங்க. காரணமெல்லாம் அப்புறம். கையில காரணத்தை வச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சா சேதி வெளிய வரவே வராது." சொல்லிக்கொண்டே பக்கத்து ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குப் போன் போட்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெங்காயமே நாள் பார்த்து நுழைகிற வீடு எங்களுடையது. அந்த வயதுவரை நான் ஒரு கறிக்கடைக்குள் கால் வைத்ததில்லை. மெஹரோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது, வாசலில் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஜாமுதீன் அதைப் பார்த்துவிட்டார். வெட்டிக்கொண்டிருந்ததை அப்படியே துணியால் மூடிவிட்டு, கை கழுவி, ஸ்டூலைத் துடைத்து வெளிப்பக்கமாகப் போட்டார். அப்புறம்தான் மனைவியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நிஜாம் பாய், அந்தக் கத்திகள்ல எதையும் குர்பானிக்கு எடுக்கக் கூடாது" என்றேன். "எல்லாத்துக்கும் பதம் போயிடுச்சு."

"என்ன மேடம் சொல்றீங்க? பளபளன்னு இருக்கு!"

"பளபளன்னுதான் இருக்கு. உள்ள இரும்பு தளர்ந்துடுச்சு."

"இவ வந்து சொன்னாளா?" என்று மெஹர் பக்கம் திரும்பினார். மெஹர் தலை குனியவில்லை. "ஆமா, நான்தான் போனேன்" என்றார்.

அங்கே வார்த்தையால் ஆகாது என்று தெரிந்தது. ஆடு கட்டுகிற தடித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்று கடையில் இருந்தது. அவர் அத்தாவின் பழைய கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். கறுத்துப்போய், முதுகில் துருத் தழும்போடு இருந்ததை எடுத்துவந்தார். அதையும் மெஹர் கொண்டுவந்த பொன்னிறக் கத்தியையும் நன்றாகத் தீட்டச் சொன்னேன். அவரே தீட்டினார். பிறகு கயிற்றைக் கட்டையில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கச் சொன்னேன். அத்தாவின் கத்தி கயிற்றை நறுக்கிக்கொண்டே போனது. அவர் கை வலித்துத்தான் நிறுத்தினார். பொன்னிறக் கத்தி முதலில் நன்றாகத்தான் வெட்டியது. பிறகு நாரில் வழுக்க ஆரம்பித்தது. அழுத்தினார். கயிறு நசுங்கியது, அறவில்லை. கத்தியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கூர் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது கண்ணுக்கே தெரிந்தது.

"அப்ப நீங்க என்னத்தப் பார்த்து அனுப்பினீங்க?" குரல் ஏறியது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாஸ் பண்ணித்தானே குடுத்தீங்க?"

"நாங்க பூச்சைப் பார்த்தோம் பாய். கத்தியைப் பார்க்கலை."

 அவர் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொண்டார்.  "எல்லார் வீட்டுலயும் நானே போய்க் குடுத்தேன் மேடம்" என்றார். "குவைத் கத்தி, குவைத் கத்தின்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். இப்பப் போயி எப்படித் திருப்பிக் கேப்பேன்?"

மெஹர்தான் பேசினார். "கேக்காம விட்டா பெருநாளன்னிக்கு என்ன ஆகும்னு யோசிங்க. குடுத்தது நீங்கதானே. பாவம் யாருக்கு?"

நிஜாமுதீன் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். "நீங்களும் வாங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

முதலில் போனது அவருடைய பெரியத்தா வீட்டுக்கு, அதாவது அத்தாவின் அண்ணன். அந்த மஹல்லாவில் பெரும்பாலான வீடுகளுக்குக் குர்பானி அறுத்துக் கொடுப்பவர் அவர்தான். தாடி வெளுத்த, திடமான மனிதர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். நான் விளக்க வாயெடுத்தேன். நிஜாமுதீன் என்னைக் கையமர்த்தினார்.

"பெரியத்தா, நான் குடுத்த கத்தி சரியில்லை. பதம் போயிடுச்சு. திருப்பிக் குடுத்துடுங்க. அதை எடுத்து அறுத்துடாதீங்க."

பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கத்தி வந்தது, நிஜாமுதீன் சுற்றிக் கொடுத்த அதே வண்ணக் காகிதத்தில். பிரிக்கப்படவே இல்லை.

"இதைப் பேத்தி கல்யாணத்துக்குச் சீர் சாமானோட வைக்கலாம்னு எடுத்து வச்சிருந்தேன்" என்றார் அவர். "எனக்கு என் கத்தி இருக்குடா. நாப்பது வருஷமா என் கைக்குப் பழகினது. நீ ஆசையாக் குடுத்தே, வாங்கிக்கிட்டேன்."

நிஜாமுதீனின் முகத்தில் ஒரே நேரத்தில் நிம்மதியும் அடியும் தெரிந்தன. பெரியத்தா அந்தக் கத்தியால் அறுக்கப்போவதில்லை என்பது நிம்மதி. தன் அன்பளிப்பை யாரும் ஒரு கத்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லையோ என்பது அடி.  ஒருவருடைய பெருமை உடைவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நம் தொழிலில் சில நேரம் நேரும். அப்போது ஆறுதல் சொல்கிறேன் என்று எதையாவது உளறாதீர்கள். கூட நில்லுங்கள், போதும்.

பெரியவரே தொடர்ந்தார். "ஆனா எல்லாரும் என்னை மாதிரி இல்லை. என் மகன் இதாலதான் அறுப்பேன்னு சொல்லிக்கிட்டிருக்கான். சின்னப் பசங்க எல்லாம் அப்படித்தான். அவனுங்ககிட்ட முதல்ல போயி வாங்கு."

தெருவுக்கு வந்ததும் நிஜாமுதீன் சொன்னார்: "நீங்க கடையில இருங்க மேடம். மத்தத நானே வாங்கிட்டு வரேன்."

அவர் ஒவ்வொரு வாசலிலும் என்ன சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை. பெரியத்தாவின் மகன் தர மறுத்ததாகவும், "நல்லாத்தானே இருக்கு" என்று வாதாடியதாகவும், இவர் அங்கேயும் கயிறு நறுக்கிக் காட்டியதாகவும் மெஹர் பிறகு சொன்னார். கோணிப்பை நிறைந்து வந்தது. அவர் சட்டை முழுக்க வியர்வை.

மறுநாள் காலை கோணிப்பையோடு அவர்கள் இருவரும் திருவெறும்பூருக்கு வந்தார்கள். முதலாளி போனில் பேசிவைத்திருந்த பக்கத்துப் பட்டறைப் பொறுப்பாளரிடம் அழைத்துப் போனேன். இரும்பைச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து மறுபடி பதமேற்றுகிற இடம் அது. அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"என்ன ஸ்டீல்னு சரியாத் தெரியாம உலையில வைக்க முடியாதுங்க. தோய்க்கும்போது விரிசல் விடும். மொத்தமும் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"லாரிப் பட்டைன்னு கொல்லர் சொல்றார்" என்றார் நிஜாமுதீன்.

"பட்டையிலயும் ரகம் இருக்குங்க."

அவர் பயம் நியாயமானது. இப்படிப்பட்ட நேரத்தில் நேரம் இல்லை, நேரம் இல்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரேயடியாக உலைக்குள் தள்ளச் சொல்லும். நேரம் குறைவாக இருக்கும்போதுதான் ஒன்றை மட்டும் முதலில் செய்து பார்க்கப் பொறுமை வேண்டும். "ஒண்ணே ஒண்ணு போட்டுப் பார்ப்போம். போனா அது மட்டும் போகட்டும்" என்றேன். எந்தக் கத்தியை என்ற கேள்வி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுடையது. மெஹர் தன் பையிலிருந்து தன் கத்தியை எடுத்து நீட்டினார்.

அது உலையில் இருந்த நேரம் நாங்கள் எதிர்ப்புற டீக்கடையில் நின்றோம். நிஜாமுதீன் டீயை ஆறவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நீங்க கறியே சாப்பிட மாட்டீங்க. ஆடு அறுக்கிறதே உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனைக்கிறேன். அப்புறம் ஏன் இவ்வளவு அலைச்சல்?"

உண்மையைத்தான் சொன்னேன். "பிடிக்காதுதான் பாய். அதை நான் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் வரலை. ஆனா அதோட கடைசி நிமிஷம் நீளாம இருக்கறதுக்கு என்னால ஏதோ செய்ய முடியும். என் வேலை அதுல இருக்கு."

 "எங்க மார்க்கத்துலயும் அதான் மேடம். கத்தியை நல்லாக் கூர் பண்ணிக்க, பிராணியை வதைக்காதேன்னுதான் இருக்கு. நான் அதை மறந்துட்டுத் தங்கக் கலரைப் பார்த்துட்டேன்."

மெஹர் அவர் கையிலிருந்த டீயை வாங்கி, "ஆறிப் போச்சு, வேற சொல்றேன்" என்று போனார். அவர்கள் இருவரும் அதற்கு மேல் சமாதானம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தேவைப்படவும் இல்லை.

கத்தி வெளியே வந்தபோது பொன் நிறம் போயிருந்தது. திட்டுத் திட்டாகப் பழுப்பும் ஊதாவுமாக, அடுப்பில் தீய்ந்த பாத்திரம் போலிருந்தது. மிதமான சூட்டில் இன்னொரு தடவை வைத்து எடுத்து ஆறியதும் அரத்தைக் கொடுத்தார் பொறுப்பாளர். முதுகில் வைத்து இழுத்தேன். அரம் வழுக்கியது. கண்ணாடிச் சத்தம். நிஜாமுதீனிடம் அரத்தைக் கொடுத்தேன், அவரும் இழுத்துப் பார்த்தார். மெஹரும் வாங்கி இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மற்றவை உலைக்குள் போயின.

எல்லாம் தப்பிக்கவில்லை. சில வளைந்தன. அவற்றைப் பொறுப்பாளர் பொறுமையாக நிமிர்த்திக் கொடுத்தார். ஒன்றில் கூரிலிருந்து முதுகுவரை மயிரிழை விரிசல். அதைத் தனியாக எடுத்து வைத்தோம். "அது என்னோடதா இருக்கட்டும், அந்த வீட்டுக்கு என் கத்தியைக் குடுத்துடுறேன்" என்றார் நிஜாமுதீன். மாலைக்குள் தன் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீட்டி, ஒவ்வொன்றாலும் கயிறு நறுக்கிப் பார்த்துவிட்டு, அதே வீடுகளுக்கு மறுபடி நடந்தார். இந்தத் தடவை வண்ணக் காகிதம் இல்லை. அவலட்சணமான கத்திகள், ஆனால் வெட்டுகிற கத்திகள்.

பெருநாளன்று காலை நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டில் இருந்தேன். கை வேலையில் மனசு ஓடவில்லை. மெஹரிடமிருந்து போன் வந்தது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது மேடம். ஒரு வீட்டுலயும் ஒரு குறையும் இல்லை." பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, விட்ட வேலையை மறுபடி கையில் எடுத்தேன்.

அதன்பிறகு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் வந்தது. கத்தியோ கட்டரோ எது வந்தாலும், பூச்சைப் பற்றிப் பேசும் முன்னால் இரண்டு கேள்வி. இது என்ன இரும்பு? இதன் வேலை என்ன? பதில் தெரியாவிட்டால் அரத்தை எடுப்போம், பூச்சுக்கு முன்னாலும் பின்னாலும். சில ஆர்டர் கைவிட்டுப் போனது. தினமும் கல்லில் தீட்டப்படுகிற கத்திகளைக் கொண்டுவந்தவர்களிடம், "கழுவித் துடைச்சு எண்ணெய் தடவி வைங்க, போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். முதலாளி அப்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவார். ஆனால் தடுக்கவில்லை.

சில மாதம் கழித்து நிஜாமுதீன் மறுபடி வந்தார். கையில் பச்சைத் துணியில் சுற்றிய நீளமான ஒன்று. உட்காராமல் நின்றுகொண்டே துணியைப் பிரித்தார். ஒரு வாள். பழையது. பிடிக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்து வேலைப்பாடு, அலகு நெடுகப் பொடித் துரு.

நான் கேட்பதற்கு முன் அவரே ஆரம்பித்தார். "எங்க பள்ளிவாசல்ல இருக்கறது மேடம். இது எதையும் வெட்டாது. வெள்ளிக்கிழமை தொழுகையில குத்பாப் பிரசங்கம் பண்ற கத்தீபு இதைக் கையில ஊனிக்கிட்டு நிப்பார், அதுதான் இதோட வேலை. தீட்டுறதே கிடையாது. கை வியர்வை பட்டுப் பட்டுத் துரு ஏறுது. என்ன இரும்புன்னு யாருக்கும் தெரியாது. அதனால சூட்டுக்குள்ள வைக்க வேணாம். வேற வழி இருக்கா?"

இருந்தது. தீட்டப்படாத அலகு, ஈரத்தைத் தவிர வேறு எதிரி இல்லாத அலகு. இதற்குப் பூச்சு நிச்சயம் பிரயோஜனம் என்று அன்றைக்குத்தான் முழு மனசோடு சொன்னேன். துருவை மட்டும் மெல்ல நீக்கிவிட்டு, சூடு இல்லாமல் காய்கிற, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று போதும். பிற்காலத்தில் வேண்டாம் என்றால் அழித்தும் விடலாம். எழுத்து அப்படியே இருக்கும்.

"தங்கக் கலர் வேணும்னு பள்ளிவாசல் ஜமாஅத்துல யாரும் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

வாளை நான் இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தேன். அவர் பச்சைத் துணியை மடித்துக்கொண்டே நின்றார். போகாமல் தயங்கினார்.

"இதை யார்கிட்ட குடுத்து அனுப்பறதுன்னு பேச்சு வந்திச்சு மேடம். ரொம்பப் பழசு, நம்பிக் கொடுக்கணும்ல. ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னாங்க. எங்க பெரியத்தாதான் எந்திரிச்சு நின்னு சொன்னார்." துணியின் மடிப்பை ஒருமுறை நீவினார். "நிஜாம்கிட்ட குடுங்க. தப்பா இருந்தா அவனே வந்து சொல்லிடுவான்னு."